தாடை மட்டத்து வெள்ளம்

“ஒரு இடம் விடாம அடின்னு நீதானே சொன்னே!”

“ஒரு இடம் விடாமன்னா அதையுமா அடிப்பாங்க?”

“அதையும் அடிச்சாத்தானே ஒரு இடம் விடாம ஆகும்?”

“வெண்டல், வாயை மூடு.”

“நான் வாயை மூடிட்டா நீ யார்கூடச் சண்டை போடுவே?”

ஆர்லிஸ் மியூசியத்தின் முன்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பலகைச் சுவர் பால் மாதிரி வெளுத்திருந்தது. நேற்று மாலை வரை அதன் குறுக்கே கறுப்பாக ஒரு தார்க்கோடும், கோட்டுக்கு அடியில் ‘தண்ணீர் இதுவரை’ என்ற எழுத்தும் இருந்தன. கொள்ளுத்தாத்தாக்கள் காலத்துப் பெருவெள்ளத்தில் மிசிசிப்பி ஏறி நின்ற மட்டம் அது. இப்போது அங்கே இருந்தது அவள் புருஷன் இரண்டு தடவை பூசிய வெள்ளைப் பெயின்ட் மட்டும்தான்.

வேட்லியில் பிறந்தவர்களுக்கு அது வெறும் கோடு இல்லை. ஞானஸ்நானம் முடிந்த கையோடு குழந்தையை அதற்குக் கீழே தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தால்தான் எங்கள் ஊரில் குழந்தை பிறந்ததாகக் கணக்கு. அக்கரை ஹாஸ்கினிலும் ஒரு கோடு உண்டு, தானியக் கிடங்குச் சுவரில். ஆனால் அது இடுப்பு மட்டம். எங்களுடையது தாடை மட்டம். பந்தாட்டத்தில் ஹாஸ்கின்காரர்கள் ஜெயித்துவிட்டு எவ்வளவு கத்தினாலும் நாங்கள் கவலைப்பட்டதில்லை. “போய் உங்க இடுப்பைத் துடைங்கடா” என்று ஒரு குரல் எழும்பினால் போதும், அடங்கிவிடுவார்கள்.

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை உல்லாசப் படகுக் கம்பெனியிலிருந்து ஃபெலிசியா என்றொரு அம்மாள் வருகிறாள். பெரிய படகு இந்தப் பக்கத்தில் ஒரே ஓர் ஊரில்தான் நிற்கும். வேட்லியா, ஹாஸ்கினா என்று அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். படகு நின்றால் மியூசியம் பிழைக்கும். நிற்காவிட்டால் மியூசியத்தைக் காலி செய்து, பனி அள்ளும் வண்டியை உள்ளே நிறுத்துவதாக நகரசபை முடிவு செய்துவிட்டது. அந்த அம்மாளை வரவழைப்பதற்காக மூன்று வருஷம் நச்சரித்தவள் ஆர்லிஸ். சுவர் பளிச்சென்று இருக்கட்டுமே என்று வெண்டலிடம் பெயின்ட் டப்பாவைக் கொடுத்தவளும் அவள்தான்.

“சுரண்டிப் பார்க்கலாம்,” என்றான் வெண்டல். “மேல் பூச்சு போனா கோடு தானா வெளிய வரும்.”

சுரண்டினான். புது வெள்ளை போனது. அதற்கடியில் இருந்த பழைய வெள்ளையும் போனது. கூடவே தாரும் போனது.

“இப்ப என்ன தெரியுது?” என்று கேட்டாள் ஆர்லிஸ்.

“மரம் தெரியுது.”

“கோடு?”

“கோடு இருந்த மரம் தெரியுது.”

மறுபடி வெள்ளை அடித்தார்கள். ஆர்லிஸ் தார்ச்சட்டியை வாங்கிக்கொண்டாள். “நானே போடறேன். என் தாடைக்கு நேரா இருந்துச்சு.”

“உன் தாடை எப்பவும் மேல தூக்கிக்கிட்டேதான் இருக்கு. எந்தத் தாடைக்கு நேரா?”

அவனை முறைத்தபடியே தாடையை இறக்கி, சுவரோடு ஒட்டி நின்று, அளந்து கோடு போட்டாள். தார் காய்வதற்குள் முடிதிருத்தும் கடை ஆர்வில் அந்தப் பக்கமாக வந்து நின்றான்.

“என்ன ஆர்லிஸ், தண்ணி வடிஞ்சு போச்சா?”

“ஏன், சரியாத்தானே இருக்கு?”

“எங்க சரியா இருக்கு? என் மூக்குக்கு நேரா இருந்த கோடு. சின்ன வயசுல அண்ணாந்து பார்த்திருக்கேன்.”

“சின்ன வயசுல எல்லாத்தையும் அண்ணாந்துதான் பார்த்திருப்பே,” என்றான் வெண்டல்.

“இந்த ஊர்ல எவன் தலை எவ்வளவு உயரத்துல இருக்குன்னு எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?”

தலைகளையே தொட்டுப் பிழைப்பவனிடம் என்ன வாதாடுவது? கோடு ஆர்வில் மூக்குக்கு ஏறியது. சாப்பாட்டு நேரத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. காபிக் கடையில் வறுத்த கெளுத்தியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்தவர்கள் ஆளுக்கொரு உயரம் காட்டினார்கள். எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. ஒருவருக்காவது தாழ்வாக ஞாபகம் இருக்க வேண்டுமே!

கடைசியில் மேயர் டார்லா வந்தாள், கையில் பாதி கடித்த ஆப்பிள் பலகாரத்தோடு.

“இன்னும் கொஞ்சம் மேல போடு, ஆர்லிஸ்.”

“எவ்வளவு மேல?”

“கதவுக்கு மேல.”

“டார்லா, இது யார் பூசணிக்காய் பெருசுங்கற போட்டி இல்ல. நிஜமா வந்த தண்ணி.”

“ஹாஸ்கின்ல போன வாரம் அவங்க கோட்டைப் புதுசா அடிச்சாங்களாம். இடுப்புல இருந்தது நெஞ்சுக்கு வந்திருக்காம்.”

“அது பொய்!”

“பொய்தான். அந்தப் பொய்யை ஜெயிக்க நம்ம நிஜம் போதுமான்னு யோசி.”

ஆர்லிஸ் யோசித்தாள். மியூசியத்துக்குள் பனி அள்ளும் வண்டி நிற்பது போலக் கண்ணில் தெரிந்தது. வெண்டலை ஏணி கொண்டுவரச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பாதிரியார் வந்தார்.

“ஆர்லிஸம்மா, எங்க கோயில் உங்களுக்கு அடுத்த கட்டடம். உங்க கதவு முழுகுற அளவு வந்த தண்ணி, எங்க பக்கம் மட்டும் ஒதுங்கிப் போச்சான்னு அந்த அம்மா கேட்டா நான் என்ன சொல்ல?”

“கடவுள் செயல்னு சொல்லுங்க,” என்றான் ஆர்வில்.

“ஹாஸ்கின்லயும் கோயில் இருக்கேப்பா. கடவுளை இதுல இழுக்காதே.”

நியாயமான கேள்வி. ஆகவே கோயில் சுவரிலும் கோடு போட வேண்டியதாயிற்று. கோயிலில் போட்டால் தபாலாபீஸ் என்ன பாவம் செய்தது? காபிக் கடைக்காரி வேறு, தன் கடையை ஏன் ஒதுக்கிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டாள். வெண்டல் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி போன்ற நீளக் குழாய் ஒன்றை எடுத்துவந்து தண்ணீர் நிரப்பினான். ஒரு நுனி ஆர்வில் கையில், மறு நுனி இவன் கையில். இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த இடத்தில் கோடு.

“பொய்க்கோட்டுக்கு எதுக்குடா இவ்வளவு ஒழுங்கு?” என்றான் ஆர்வில்.

“பொய் நம்மளோடது. மட்டம் தண்ணியோடது. அதுல கை வைக்கக்கூடாது.”

வந்தது வினை. எங்கள் தெரு ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும். தெரு இறங்க இறங்கக் கோடு சுவரில் ஏறிக்கொண்டே போயிற்று. தபாலாபீஸில் ஜன்னலுக்கு மேல். காபிக் கடையில் பெயர்ப்பலகைக்கு மேல். படகுத்துறை ஓரத்தில் இருக்கும் டஃபியின் தூண்டில் கடைக்கு வந்தபோது வெண்டல் ஏணியின் உச்சிப்படியில் நின்று கூரையைத் தாண்டிக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

“டஃபி, உன் கடை முழுகிப் போச்சு!”

டஃபி பதறிக்கொண்டு வெளியே ஓடிவந்தான். “எப்ப?”

“கொள்ளுத்தாத்தா காலத்துல.”

“அடப்பாவிகளா, எங்கப்பாகூட எங்கிட்ட சொல்லலையே!”

கூரைக்கு மேல் கோடு போடச் சுவர் ஏது? டஃபி கூரையில் ஒரு கம்பத்தை நட்டு, அதன் நுனியில் பட்டை அடித்துக்கொண்டான். பத்தாததற்கு மரத்தில் செய்த கெளுத்தி ஒன்றையும் கம்பத்தின் உச்சியில் ஆணி அடித்து மாட்டினான். தன் கடைக்கு மேலே மீன் நீந்தியது என்பதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

சாயங்காலம் தெருவே கூடி நின்று அண்ணாந்து பார்த்தது. “இவ்வளவு தண்ணியிலயும் நம்ம ஆளுங்க ஊரை விட்டுப் போகலை பாரு,” என்றார் ஒருவர். தன் பாட்டியின் அம்மா கூரைமேல் உட்கார்ந்து ரொட்டி சுட்டாள் என்றாள் ஒருத்தி. சுட்டதைத் தன் கொள்ளுத்தாத்தா நீந்தி வந்து வாங்கிப் போனார் என்றான் ஆர்வில். சொன்னவர்கள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. ஆர்லிஸ் மட்டும் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

சனிக்கிழமை ஃபெலிசியா வந்தாள். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு தெருவின் கோடியிலிருந்து கோடி வரை நடந்து பார்த்தாள். “அடேயப்பா!” என்றாள். டார்லா அவள் கூடவே சிரித்துக்கொண்டு நடந்தாள். இருவரும் மியூசிய வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே ஒரு கார் நின்றிருந்தது. ஹாஸ்கின் மேயர் லைல் அழையா விருந்தாளியாக வந்திருந்தான். கையில் அளவுநாடா. அவனோடு அவன் பெரியப்பா ஹோபார்ட்டும் வந்திருந்தார். தொண்ணூறைத் தாண்டியவர். காரில் உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்து இறங்கி, மியூசியத்தின் வாசற்படியைக் கைத்தடியால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டார்லா, ரெண்டு ஊருக்கும் ஒரே ஆறுதானே?” என்றான் லைல். “இங்க இவ்வளவு தண்ணின்னா, எங்க ஊர்க் கோயில் மணியை மீன்தான் அடிச்சிருக்கணும்.”

“உங்க ஊர்ல மீனாவது வேலை செஞ்சிருக்கேன்னு சந்தோஷப்படு.”

“உங்க கோடு அந்தக் கூரை மேல தெரியுதே, அது வெள்ளமா, விமானம் போற வழியா?”

“நெஞ்சு வரைக்கும் ஏத்தினவன் பேசற பேச்சா இது?”

“ஈரம் காயாத தார்! வந்து தொட்டுப் பாருங்கம்மா!”

ஃபெலிசியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. “எது நிஜம்னு யாராவது சொல்றீங்களா? பயணிகளைக் கூட்டிட்டு வந்து பொய்யைக் காட்ட என்னால முடியாது.”

டார்லா ஆர்லிஸைக் கண்ணால் அதட்டினாள். ஆர்லிஸ் அவளைப் பார்க்காமல் சுவரோரம் போய் நின்றாள்.

“கதவுக்கு மேல இருக்கற கோடு நான் போட்டது. தெருவுல இருக்கறதெல்லாம் நேத்து போட்டது.”

“ஆர்லிஸ்!”

“இரு டார்லா. பழைய கோட்டை நாங்களே தெரியாம அழிச்சிட்டோம். அது என் தாடை மட்டம். அவ்வளவுதான் தண்ணி. ஆனா அவ்வளவு தண்ணி வந்தது. அதுல பொய் இல்ல.” அவள் உள்ளங்கையைப் பலகையில் வைத்தாள். அன்று காலையில் வெண்டல் மறுபடி பூசியிருந்த பெயின்ட் ஒட்டிக்கொண்டதைக் கவனிக்கவில்லை. “எங்க அம்மா இந்தக் கோட்டுக்குக் கீழ என்னைத் தூக்கிப் பிடிச்சா. அவளை அவ அம்மா பிடிச்சா. மத்த கோட்டையெல்லாம் இன்னிக்கே அழிச்சிடறோம். கெளுத்தியையும் இறக்கிடறோம். ஆனா இந்தக் கட்டடத்தைச் சந்தேகப்படாதீங்க. தாடை வரைக்கும் ஆறு வந்து மோதினப்பவும், வேட்லி மண்ணுல ஒரு அங்குலம் நகராம நின்ன சுவர் இது.”

டஃபி கைதட்டினான். ஆர்வில் சீட்டியடித்தான். பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெயின்ட் துணியிலேயே மூக்கைச் சிந்திக்கொண்ட வெண்டல், வெள்ளை மூக்கோடு, “இவ என் சம்சாரம்,” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னான். அவருக்கு அது முப்பது வருஷமாகத் தெரியும். லைல்கூட அளவுநாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஃபெலிசியா ஆர்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவள் கையிலும் பெயின்ட்.

“எனக்கு உயரம் முக்கியமில்லம்மா. இந்தச் சுவர்ல ஏறின வெள்ளம் எந்த ஊர்ல வந்துச்சோ, அந்த ஊர்லதான் என் படகு நிக்கும். இது என் வாக்கு.”

வேட்லி முழுக்க ஆர்ப்பரித்தது. டார்லா பாதிரியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தவர் போல ஹோபார்ட் வாசற்படியைத் தட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார்.

“எல்லாம் சரிம்மா, ஆனா வெள்ளம் வந்தப்ப இந்தக் கட்டடம் எங்க தாத்தாவோட கடையா ஹாஸ்கின்லதானே நின்னுச்சு, அடுத்த குளிர்ல ஆறு உறைஞ்சதும் அவரு குதிரை பூட்டி இதை அப்படியே பனிக்கட்டி மேல இழுத்துட்டு வந்து உங்க ஊருக்கு வித்துட்டாரு.”