ஐயாசாமி மெஸ்ஸைப் பாராட்டிய கதை

திங்கட்கிழமை காலை ஐயாசாமி தொலைபேசியில் கூப்பிட்டு, தன் மெஸ் விளம்பரத்தை இனிமேல் போட வேண்டாம் என்றார். அதோடு வைத்திருந்தால் பரவாயில்லை. நன்றியும் சொல்லிவிட்டு வைத்தார்.

‘நொய்யல் முரசு’ நாளிதழின் விளம்பர மேலாளர் பிரவின்குமார் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே ஓட்டல் விமர்சனம் எழுதும் பாலகோபாலின் மேசைக்கு ஓடி வந்தான். வயர் எட்டாததால் டெலிபோனும் கூடவே கிளம்பி வந்து தரையில் விழுந்தது.

“சார், கெடுத்துப்போட்டீங்களே சார்!”

“என்னப்பா?”

“ஐயாசாமி விளம்பரத்த நிறுத்தச் சொல்லிட்டாரு. ‘ரொம்ப சந்தோசமுங்க, பாலகோபால் சாருக்கு நாங்க என்ன கைம்மாறு செய்யறதுன்னே தெரியலீங்க’ன்னு வேற சொல்றாரு.”

ஆசிரியர் அங்கப்பன் தன் அறையிலிருந்து தலையை நீட்டினார்.

“கைம்மாறுன்னா சொன்னான்?”

“ஆமாங்க சார்.”

“செத்தோம்.”

கோயமுத்தூர் பக்கம் பழகாதவர்களுக்கு இது விளங்காது. மற்ற ஊர்களில் கோபம் வந்தால் சட்டையைப் பிடிப்பார்கள். இங்கே கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அன்னூரில் வரப்புத் தகராறில் மாட்டிய இரண்டு பங்காளிகள், கோர்ட்டுக்குப் போகும் நாளெல்லாம் ஒருவர் வீட்டில் ஒருவர் காப்பி குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். “இன்னொரு டம்ளர் சாப்பிடுங்க, எங்க மேல கோவமுங்களா” என்று கேட்டுக் கேட்டு ஊற்றியதில் ஒருவர் குடல் புண்ணாகிக் காலமானார். கேஸ் தள்ளுபடி ஆனது. ஜெயித்தவர்தான் முதல் மாலையைப் போட்டார். இந்த ஊரில் கை ஓங்குகிறவனைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கை கூப்புகிறவனைக் கண்டால் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

அப்படி என்னதான் எழுதிவிட்டார் பாலகோபால்? முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, ‘நாக்கின் தீர்ப்பு’ பகுதியில் இவ்வளவுதான் எழுதியிருந்தார்:

“சத்தி ரோடு ஐயாசாமி மெஸ்ஸில் ஆட்டுக்கறிக் குழம்பு என்ற பெயரில் தீ வைக்கிறார்கள். முதல் வாயில் கண்ணீர் வந்தது. இரண்டாவது வாயில் காலமான என் பெரியப்பா தெரிந்தார். மூன்றாவது வாய் சாப்பிட்ட ஆண்பிள்ளை யாரும் இருப்பதாகத் தகவல் இல்லை.”

ஒரு காலத்தில் இந்தப் பகுதி அரைப் பக்கம் வந்துகொண்டிருந்தது. பாலகோபாலின் நாக்கு அப்பேர்ப்பட்டது. ஒரு கரண்டி சாம்பாரை வாயில் விட்டால் சிறுவாணித் தண்ணீரா, போர் தண்ணீரா என்று சொல்லிவிடுவார். உப்புமாவைத் தின்றுவிட்டு, “இந்த மாஸ்டருக்கு வேலையில் மனம் இல்லை” என்று எழுதினார். மறுநாள் அந்த மாஸ்டர் மலேசியாவுக்குப் போய்விட்டார். அவிநாசியில் ஒரு ஓட்டல்காரர், இவர் பஸ்ஸை விட்டு இறங்குவதைப் பார்த்ததுமே ‘துக்கத்தை முன்னிட்டு விடுமுறை’ என்று பலகை மாட்டினார். செத்தது யார் என்று ஊர் கேட்டபோது பதறிப்போய் மாமியார் என்று சொல்லிவிட்டார். மாமியார் அப்போது உள்ளே கல்லாவில் உட்கார்ந்து சில்லறை பிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு பத்திரிகைக்கு ஆப்செட் மெஷின் வந்தது. கலர் வந்தது. கலரைத் தொடர்ந்து ஓட்டல் விளம்பரங்கள் வந்தன. அவை பக்கத்தின் அடியில் முளைத்து, வருஷா வருஷம் மேலே வளர்ந்தன. நாக்கின் தீர்ப்பு அரைப் பக்கத்திலிருந்து கால் பக்கம், காலிலிருந்து ஒரு பத்தி என்று தேய்ந்து, தொண்ணூற்று ஐந்தில் ஆறே வரியில் வந்து நின்றது. மற்ற நாட்களில் பாலகோபால் தேங்காய், மஞ்சள் மார்க்கெட் நிலவரம் எழுதினார். அதை எழுதுவது ஒரு மனிதன் என்றே யாரும் நினைக்கவில்லை. பஸ்ஸில் யாராவது, “ஏனுங்க, நாக்குக்காரர் நீங்கதானுங்களா?” என்று கேட்பது அந்த ஆறு வரிக்காகத்தான். அந்த ஆறு வரிக்காகத்தான் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

“ஒரு வாரம் பொறுத்துப் பாக்கலாம்” என்றார் பாலகோபால்.

பொறுக்க விடவில்லை. மத்தியானமே உடுமலைப்பேட்டைத் தோப்புத் தேங்காய் ஒரு சாக்கு வந்து வாசலில் இறங்கியது. “ஐயாசாமி அண்ணன் பாலகோபால் சாருக்குக் குடுத்துட்டு, ஊட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாருங்க” என்றார் கொண்டுவந்தவர்.

பிரவின்குமாருக்கு வியர்த்துவிட்டது.

“ஊட்டப் பத்தி எதுக்கு சார் விசாரிக்கறாரு?”

“அதுதான் ஆரம்பம்” என்றார் அங்கப்பன். “எங்க பெரிய மாமன் இப்படித்தான் ஒருத்தருக்கு ஒரு தார் வாழப்பழம் குடுத்தனுப்பிச்சாரு. அந்த ஆளு அப்பறம் திருப்பூருக்கே குடி போயிட்டாரு.”

“ஏன், என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. அதுக்குள்ள போயிட்டாரு.”

நிலைமையைப் பார்த்துவர வேன் டிரைவரை அனுப்பினார்கள். அவர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“நான் வண்டிய விட்டே எறங்கலீங்க. மெஸ் வாசல்ல ஒரே கூட்டம். காலேஜுப் பசங்க, லாரிக்காரங்க, ஆளாளுக்குச் சட்டக்கைய மடிச்சு உட்டுக்கிட்டு நிக்கறாங்க. ஒவ்வொருத்தனுக்கும் கண்ணு செவந்து கெடக்குது. ‘வாங்கடா பாத்துப்போடலாம்’னு ஒருத்தன் கத்தறான்.”

“ஆள் சேக்கறான்” என்றார் அங்கப்பன். “பாலகோபாலு, நீ பின்வாசல் வழியா ஊட்டுக்குப் போ.”

மறுநாள் ஆசிரியர் அறையில் மூவரும் கூடினார்கள். வழி ஒன்றுதான் இருந்தது. அடுத்த ஞாயிறு அதே இடத்தில், அதே மெஸ்ஸைப் பாராட்டி எழுத வேண்டும்.

“அப்ப இன்னொருக்கா போய்ச் சாப்பிட்டுட்டு வரணும்” என்றார் பாலகோபால்.

“பாராட்டறதுக்கு எதுக்கு சார் சாப்பிடோணும்?” என்றான் பிரவின்குமார். அவன் ஏற்கனவே எழுதி வைத்திருந்தான். படித்துக் காட்டினான்:

“சத்தி ரோடு ஐயாசாமி மெஸ்ஸின் ஆட்டுக்கறிக் குழம்பில் காரம் என்பதே கிடையாது. கைக்குழந்தைக்கும் ஊட்டலாம். தாய்ப்பாலுக்கு அடுத்தபடி இதுதான்.”

பாலகோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இது எம்பேர்லயா வரும்?”

“உங்க பேர்ல வந்தாத்தான் சார் நம்புவாங்க.”

“நம்புவாங்கன்னுதான்யா நான் பயப்படறேன்.”

அங்கப்பன் நல்ல மனிதர். அதனால் மிரட்டவில்லை. “உனக்குப் புடிக்கலீன்னா வேண்டாம் பாலகோபாலு. அந்த எடத்துல ராசிபலன் போட்டுக்கறேன்” என்று மட்டும் சொன்னார். பாலகோபால் தாளை வாங்கி இன்னொரு முறை படித்தார். பிறகு ‘தாய்ப்பாலுக்கு அடுத்தபடி’ என்பதை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அச்சில் அதுவும் இருந்தது.

அந்தப் பாராட்டு வந்த வாரமே மற்ற ஓட்டல்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். “ஐயாசாமிக்கு மட்டும் தாய்ப்பால், எங்களுக்கு என்னங்க?” என்று கேட்டு வரிசையாக போன். பிரவின்குமார் யாரையும் ஏமாற்றவில்லை. ஆறு வரிக்குள் வரிக்கு ஒரு ஓட்டலாக ஆறு ஓட்டல்களைப் பாராட்டினான். ஒன்றின் இட்லி மல்லிகைப்பூ, இன்னொன்றின் இட்லி பஞ்சு, வேறொன்றின் இட்லி மேகம். மேகம் என்று எழுதப்பட்டவர், பக்கத்துக் கடைக்குப் பூ கொடுத்துவிட்டுத் தனக்கு மழையைக் கொடுத்ததாகக் கோபித்துக்கொண்டார்.

ஒரு வாசகர் பாலகோபாலையே கூப்பிட்டார்.

“ஏனுங்க சார், நம்மூர்ல மோசமான ஓட்டல்னு ஒண்ணாச்சும் இருக்குதுங்களா?”

“ஏன் கேக்கறீங்க?”

“இல்லீங்க, ஒண்ணக் காட்டுனீங்கன்னா மத்ததெல்லாம் நல்லாருக்கும்னு நம்பிப் போலாம். எல்லாமே அமிர்தம்னா எங்கீங்க போய்ச் சாப்பிடறது? நேத்து மேகம்னு போட்டிருந்தீங்களே, அத மென்னு எனக்குக் கடவாப்பல்லு ஆடுதுங்க.”

பாலகோபால் போனை மெல்ல வைத்தார். அன்றைக்கு மஞ்சள் விலையைத் தேங்காய்க்கும், தேங்காய் விலையை மஞ்சளுக்கும் எழுதிவிட்டார். அதை யாரும் கவனிக்கவில்லை.

அதற்குள் ஐயாசாமியிடமிருந்து மறுபடியும் போன் வந்தது. பிரவின்குமார் எடுத்தான். பேசி முடித்தபோது அவன் முகம் மலர்ந்திருந்தது.

“சார், வாயா போயான்னுட்டாரு!”

“என்னன்னான்?” அங்கப்பன் எழுந்தேவிட்டார்.

“‘எவன்யா எழுதுனது அந்தக் கருமத்த, உங்களுக்கு அறிவிருக்குதா’ன்னு கேட்டாரு.”

“சாமி கண்ணத் தொறந்துட்டான்! கோவம் தணிஞ்சுபோச்சு. பிரவினு, சூட்டோட சூடா இன்னொண்ணு போடு. பெருசாப் போடு. காசு வாங்காத.”

இரண்டாவது பாராட்டு ஞாயிற்றுக்கிழமை கட்டம் கட்டி வந்தது. “வயிற்றுப்புண்காரர்கள், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், பல் போன பெரியவர்கள் அச்சமின்றி நாடவேண்டிய ஒரே இடம் ஐயாசாமி மெஸ்.” கீழே பாலகோபாலின் பெயர். இந்த முறை அவரிடம் கையெழுத்துக்கூடக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஐயாசாமி நேரிலேயே வந்துவிட்டார். நல்ல உயரம், மீசை, தோளில் துண்டு. படியேறும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

“எங்கய்யா அந்த நாக்கு? நாசமாப் போவீங்கடா நீங்கெல்லாம்!”

அங்கப்பன் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். “வாங்க வாங்க, இப்படி உரிமையாத் திட்டி எத்தன நாளாச்சு! காப்பி சாப்பிடறீங்களா?”

“உங்க காப்பியில இடி உழுக! இனி எங்கடையப் பத்தி ஒரு வரி எழுதுனீங்க, நடக்கறதே வேற.”

“பாத்தியா பிரவினு, புகழ்ச்சியே புடிக்காத மனுசன்.”

“யோவ், அந்த ஆளு எழுதற எடம் எவ்வளவு?”

“ஆறு வரிங்க.”

“அந்த ஆறு வரியையும் நானே வாங்கிக்கறேன். கீழ எங்க விளம்பரத்தையும் போடு, பழசுல ரெண்டு பங்கு. வருசம் பூராம் போடு. அந்தாளு பேனாவுல மசி இருக்கவே படாது.”

விளம்பரம் திரும்பி வந்துவிட்டது, அதுவும் இரண்டு மடங்காக. அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். பாலகோபாலுக்கும் ஒன்று வந்தது. அதில் நெய் இல்லை, டால்டா என்று தெரிந்தது. எழுதுவதற்குத்தான் இடமில்லை.

“பத்தி போனா என்ன பாலகோபாலு, உன்னால இன்னிக்குப் பத்திரிகையே பொழச்சுது” என்று அங்கப்பன் தோளில் தட்டினார். பிறகு, தேங்காய், மஞ்சள் மார்க்கெட் நிலவரத்தை இனி செய்தி ஏஜென்சியே அனுப்பிவிடுவதாகவும், அவசரமில்லை, இந்த மாசக் கடைசி வரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் பாலகோபால் பஸ் ஏறி சத்தி ரோட்டுக்குப் போனார். வேறு எதற்கும் இல்லை. நாக்கைத் தவிர ஒரு வேலையும் தெரியாத மனிதர், யாரால் வேலை போனதோ அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று போனார். இஸ்திரி போடாத சட்டையில் போனார். பஸ்ஸில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மெஸ்ஸில் சத்தமே இல்லை. ஒரு மேசையில் கழுத்துக்கு மப்ளர் சுற்றிய பெரியவர் சோற்றை விரலால் மசித்துக்கொண்டிருந்தார். இன்னொரு மேசையில் டானிக் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் சுடுதண்ணீர் கேட்டார். மூலையில் ஒரு அம்மாள் பேரக்குழந்தைக்கு ஆட்டுக்கறிக் குழம்பை ஊட்டிக்கொண்டிருந்தார். குழந்தை சிரித்துக்கொண்டே சாப்பிட்டது. ஐயாசாமியைக் காணோம். கல்லாவில் அவர் மனைவி நாச்சியம்மாள் இருந்தார். பரிமாற ஆள் இல்லாததால் அவரே எழுந்து வந்து இலை போட்டார்.

முதல் வாய். பாலகோபால் நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது வாய். மூன்றாவது வாயும் தடையில்லாமல் இறங்கியது.

“ஏனுங்க அம்மணி, கொழம்புல காரமே இல்லீங்களே?”

“எங்கீங்க போடறது? வாரதெல்லாம் சீக்காளிங்க. மொளகா வாசம் பட்டாலே இருமறாங்க. எங்கூட்டுக்காரரு மனசு ஒடிஞ்சுபோய் அன்னூர்ல எங்க காட்டுல போய்க் குக்கி உக்காந்துக்கிட்டாரு.”

பிரவின்குமார் சாப்பிடாமல் எழுதிய பொய், இப்போது அட்சரம் பிசகாமல் உண்மையாகியிருந்தது. பாலகோபால் இலையை மூடினார்.

“நான்தானுங்க அந்தப் பாலகோபால். ‘நொய்யல் முரசு’ பாலகோபால். மொதல்ல உங்க கொழம்பத் திட்டி எழுதுனதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

நாச்சியம்மாள் குழம்பு வாளியைக் கீழே வைத்தார். அவரை மேலும் கீழும் பார்த்தார். கை கூப்பவில்லை.

“அத எதுக்குங்க மன்னிக்கோணும்? அதப் படிச்சுப்போட்டுத்தானுங்க, மூணாவது வாய நான் திங்கறேன்னு பந்தயங்கட்டிக்கிட்டு கோயில் நோம்பிக்குக் கூடறாப்பல சனம் வந்துச்சு. இதுக்கு மேல வந்தா ஆக்கிப்போட ஆளில்லீன்னுதானுங்க வெளம்பரத்தையே நிறுத்தச் சொன்னோம். அப்படி என்னங்க உங்களுக்கு நாங்க கெடுதல் பண்ணிப்போட்டோம், அடுத்த வாரமே பாராட்டி எழுதிப்போட்டீங்க?”