டாக்கர்ஃபைலில் நான் போட்ட திருத்தங்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் கோபம் எந்த அளவில் இருக்கிறது என்று தெரியாததாலும், நேரில் கேட்கத் தைரியமில்லாததாலும் இதை உங்கள் மேசையில் வைக்கிறேன். முதலில் மன்னிக்கவும்.

முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நிரலைப் பொட்டலம் கட்டுவதுபோல ஏதோ கண்டெய்னர் இமேஜ் கட்டுவதற்கான அந்தக் கோப்போடு நீங்கள் மூன்று நாளாக மல்லுக்கட்டுவதையும், கட்டி முடித்த பிறகும் ஓடச் சொன்னால் படுத்துவிடுகிறது என்று புலம்புவதையும், இன்று பதினொரு மணிக்கு வாடிக்கையாளர் முன்னால் அது ஓடாவிட்டால் வேலையே போய்விடும் என்று பயந்ததையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். காலையில் நீங்கள் குளிக்கப் போனதும் மனசு கேட்காமல் எட்டிப் பார்த்தேன். பெயரே டாக்கர்ஃபைல் என்றிருந்தது. பாவம், ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று டாக்டர்ஃபைல் ஆக்கினேன். ‘காப்பி’ என்ற ஆணைக்குப் பின்னால் இரண்டு புள்ளிகள் அனாதையாகக் கிடந்தன, எடுத்துவிட்டேன். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே && என்றிருந்தது, ஒன்று போதாதா என்று மற்றதை நீக்கினேன். கடைசி வரியில் ஒற்றை மேற்கோள் குறிகள். எங்கள் அச்சகத்தில் இரட்டைதான் வழக்கம், மாற்றினேன். மறக்காமல் சேமித்தும் வைத்தேன்.

நீங்கள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பொத்தானை அழுத்தினீர்கள். திரை முழுக்கச் சிவப்பு.

“மாமா, இதைத் தொட்டீங்களா?”

“தொடலை மாப்பிள்ளை. திருத்தினேன்.”

முதல் புள்ளி ‘இங்கேயிருந்து’, இரண்டாம் புள்ளி ‘அங்கே’யாம்; && என்றால் முதல் வேலை ஒழுங்காக முடிந்தால்தான் அடுத்ததாம், ஒன்றை எடுத்தால் இரண்டும் ஒரே சமயத்தில் முட்டிக்கொண்டு ஓடுமாம். எனக்கு எப்படித் தெரியும்? “அப்பா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்று மகள் ஒரு பிடி பிடித்தாள். இல்லைதான். அதற்குப் பெயர்தானே ஓய்வு! நீங்கள் பெயர், புள்ளி, && எல்லாவற்றையும் பழையபடி ஆக்கி, கடைசி வரியைப் பார்க்காமலே அவசரமாகப் பொத்தானை அழுத்தினீர்கள். மூன்று நாளாகப் படுத்துக் கிடந்தது இப்போது ஓடியது.

“மாமா, கடைசி வரியில என்ன செஞ்சீங்க?”

“ஒத்தை மேற்கோளை ரெட்டையாக்கினேன். அதுவும் தப்பா?”

“அந்த இடத்துல ரெட்டைதான் செல்லும்” என்று முணுமுணுத்துவிட்டு, சாப்பிடக்கூட உட்காராமல் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டீர்கள். அது கோபமா, சந்தோஷமா, எனக்கு விளங்கவில்லை. எதுவானாலும் கேட்காமல் கைவைத்தது தப்பு. மறுபடியும் மன்னிக்கவும். இனி உங்கள் கணினிப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

எழுதிய ஆணையெல்லாம் எழுதியபடியே ஓட, வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்க, வாழ்த்தும்

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: இப்போதுதான் மகள் உங்களோடு போனில் பேசினாள். அந்த மேற்கோள் பிழையை நீங்களே கண்டுபிடித்ததாக ஆபீசில் சொன்னீர்களாம், மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கைதட்டினாராம். ஆகவே மேலே ‘மன்னிக்கவும்’ என்று வரும் இரண்டு இடங்களையும் அடித்துவிட்டுப் படிக்கவும்.