குடை பிடித்த அழகர்

ஐந்து மணிக்கு, ஆட்களை வேலைக்கு அழைக்கும் பெரட்டுத் தப்பு அடித்தது. ஜெயராசா எழுந்தார். முகம் கழுவினார். திருநீறு பூசினார். பரிமளம் தேநீரை வைத்தாள். குடித்தார். கோட்டை மாட்டிக்கொண்டார். வேட்டிக் கரையில் நேற்றைய சேறு காய்ந்திருந்தது. தட்டிவிட்டார். பிறகு, தினமும் சொல்வதைச் சொன்னார்.

"கங்காணிய மாத்தணும். மாத்தாம இந்த டீம் உருப்படாது."

பரிமளம் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். இந்த வாக்கியத்தை அவள் அறுநூறு தடவை கேட்டிருப்பாள்.

பதுளைக்கு ரயில் வந்த மறுவருஷம் அது. நமுனுகுல மலைச்சரிவில் இருந்த மேமலைத் தேயிலைத் தோட்டத்தில் ஜெயராசா கிளாக்கர். அந்தத் தோட்டத்துக்கு ஒரு கால்பந்து டீம் இருந்தது. துரை சீமையிலிருந்து பந்து வரவழைத்துக் கொடுத்திருந்தார். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களோடு ஆடினார்கள். ஒரு ஆட்டத்திலும் ஜெயித்ததில்லை. நேற்றுக் கல்லாற்றுத் தோட்டத்திடம் ஒன்பது கோல் வாங்கினார்கள். அதில் இரண்டை மேமலைக்காரர்களே போட்டுக்கொண்டார்கள்.

ஜெயராசா கண்டியில் ஒரு கல்லூரியில் படித்தவர். கல்லூரி டீமில் மூன்று வருஷம் மாற்று ஆளாக இருந்தார். ஒரு நாளும் இறக்கப்படவில்லை. அதனால்தான் ஆட்டத்தை வெளியிலிருந்து முழுதாகப் பார்க்கப் பழகினேன் என்பது அவர் கட்சி.

டீமை நடத்தியவர், தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்குகிற பெரிய கங்காணி கணபதி. அறுபது வயது. கவ்வாத்துக்கு ஆள் பிரிப்பதுபோலப் பெரட்டுக்களத்தில் நின்று கைத்தடியால் காட்டுவார். அவர் காட்டிய பதினொரு பேரைப் பற்றியும் ஜெயராசாவுக்குத் தனித்தனிக் கருத்து இருந்தது. கோல் காப்பவர் கங்காணியின் மச்சான். பொழுது சாய்ந்தால் அவருக்குக் கண் தெரியாது. பந்து வருவதைப் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்ல வேண்டும். முன்வரிசையில் ஐந்து பேர். மாரியம்மன் கோயிலில் முதல் பரிவட்டம் வாங்குகிற ஐந்து வீட்டுப் பெரியவர்கள். முன்னால் நிற்பது மரியாதை என்பதால் அவர்களை முன்னால் நிறுத்தியிருந்தார் கங்காணி. அவர்கள் பந்தைத் தேடிப் போவதில்லை. பந்துதான் அவர்களைத் தேடி வர வேண்டும். நடுவில் ஒருவர் இருமுவார். இன்னொருவர் அவர் முதுகைத் தடவிக்கொடுப்பார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அழகர் விஷயம்தான் ஜெயராசாவைத் தின்றது. இருபத்திரண்டு வயது. தோளில் கொழுந்துச் சாக்கோடு மேல்மலையிலிருந்து ஸ்டோருக்குக் குறுக்குப் பாதையில் ஓடிவருவான். துரையின் குதிரை ரோட்டைச் சுற்றி வந்து சேர்வதற்குள் சாக்கை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பான். ஆட்ட நாட்களில் அவனுக்கு ஒரே வேலை. கங்காணிக்குக் குடை பிடிப்பது.

ஏன் என்று ஜெயராசா ஒரு தடவை கேட்டார். "அவன் புடிச்சாத்தாங்க குடை ஆடாம நிக்குது" என்றார் கங்காணி.

அன்று காலை, ஒன்பது கோல் நினைவோடு, ஜெயராசா ஆபீசில் உட்கார்ந்து துரைக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினார். கையெழுத்துத் தெரியாமலிருக்க இடது கையால் எழுதினார். கங்காணியின் பிழைகளைப் பதினான்கு பத்திகளில் விளக்கினார். படித்த ஒருவரிடம் டீமை ஒப்படைக்க வேண்டும் என்று முடித்தார். முத்திரை ஒட்டித் தப்பால் பையில் போட்டார். தப்பால்காரன் பதுளைக்கு இறங்கிப் போனான்.

பகல் சாப்பாட்டின்போதுதான் ஒன்று உறைத்தது. கடிதம் இங்கிலீஷில் இருந்தது. தோட்டத்தில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அந்தக் கடிதத்தைப் பெறப்போகிறவர்.

மறுநாள் துரை கூப்பிட்டனுப்பினார். கடிதம் மேசைமேல் கிடந்தது. துரை சொன்னது இரண்டு விஷயம். முதலாவது, கடிதத்தில் இருப்பது அத்தனையும் உண்மை. ஞாயிறு மாலை கிளப்பில் கல்லாற்றுத் துரை அவரைப் பார்த்ததும் ஒன்பது விரலை விரித்துக் காட்டியிருந்தார். இரண்டாவது, பெயர் போடாமல் எழுதுகிறவன் யாராயிருந்தாலும் இருபத்துநாலு மணி நேரத்தில் தோட்டத்தை விட்டு இறங்க வேண்டும்.

ஜெயராசா இறங்கினால் போக ஒரே இடம்தான் உண்டு. பதுளைக் கடைத்தெருவில் மாமனார் சண்முகராஜாவின் ஜவுளிக்கடை. அங்கே தினமும் பன்னிரண்டு மணி நேரம் சீட்டித்துணி அளந்து கிழிக்க வேண்டும். மாமனார் பின்னால் நின்று, "பாத்துக் கிழிங்க மாப்பிள்ள" என்பார். அதிலிருந்து தப்பிக்கத்தான் அவர் மலையேறினார்.

அதனால் சட்டென்று சொன்னார். கங்காணியே பதுளையில் பெட்டிசன் எழுதுகிறவரைக் கொண்டு இதை எழுதியிருக்கலாம். வயதாகிவிட்டது. விலக வேண்டும் என்று நேரில் சொல்லத் தயக்கமாக இருந்திருக்கும்.

துரை உடனே கங்காணியைக் கூப்பிட்டுவிடுவார் என்று ஜெயராசா நினைக்கவில்லை. கூப்பிட்டுவிட்டார்.

கணபதி தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். கடிதத்தைக் கையில் வாங்கினார். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜெயராசாவின் முகத்தைப் பார்த்தார். அதை நேராகவே படித்தார்.

"ஆமாங்க தொர. நான்தான் எழுதச் சொன்னேன்."

ஜெயராசாவுக்கு மூச்சு வந்தது.

"கிளாக்கரய்யா படிச்சவரு. அவரே நடத்தட்டும்னு எழுதச் சொன்னேன். கடைசியில இருக்குமுங்களே."

துரை கடைசி வரியைப் பார்த்தார். இருந்தது. அடுத்த மாதம் கடைசி ஞாயிறு கல்லாற்றோடு மறு ஆட்டம் என்றும், அதுவரை கிளாக்கரே டீமை நடத்தலாம் என்றும் சொன்னார். ஜெயிக்காவிட்டால், கணக்கும் எழுதி ஆட்டமும் தெரிந்த வேறு கிளாக்கர் கொழும்பில் கிடைப்பார் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

படியிறங்கும்போது கங்காணி பக்கத்தில் வந்தார்.

"ஒண்ணே ஒண்ணுங்க. அழகரு குடையப் புடிக்கட்டும்."

"இனி எனக்குக் குடை வேண்டாம்."

"வேணாட்டியும் புடிக்கட்டுங்க."

கிழவருக்குப் பொறாமை என்று ஜெயராசா தீர்மானித்தார். நடந்ததை வீட்டில் சொன்னார். பரிமளம் கேட்டுக்கொண்டாள். அப்பா கடையில் ஒரு கஜக்கோல் சும்மாதான் கிடக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மாலை ஜெயராசா பரிவட்டக்காரர் ஐவரையும் முன்வரிசையிலிருந்து பின்னால் அனுப்பினார். அதற்கடுத்த நாள் ஐந்து பேரும் வரவில்லை. அவர்கள் வீட்டு இளவட்டங்களும் வரவில்லை. பின்னால் நிறுத்தியது குலத்துக்கு இழுக்கு என்று, ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பேச்சு. திருவிழாவுக்கு வரி கொடுப்பதையே யோசிக்க வேண்டியிருக்கும் என்றும் பேச்சு.

ஜெயராசா ஒரு வழி கண்டுபிடித்தார். ஐவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார். கோயிலில் எது பெரியது? மூலஸ்தானம். அது எங்கே இருக்கிறது? கடைசியில். ஆட்டத்தில் கோல்தான் மூலஸ்தானம். அதற்குப் பக்கத்தில் போகப்போக மரியாதை அதிகம். ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நியாயம்தான் என்றார்கள்.

மறுநாள் பதினொரு பேரும் கோலுக்குள் நின்றார்கள். நடு இடம் யாருக்கு என்று தள்ளுமுள்ளு நடந்தது. இவ்வளவு நாளும் அந்த இடத்தில் தனியாக நின்றவன் தானே என்று கங்காணியின் மச்சான் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இனி மனிதர் தீர்க்க முடியாது என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் திருவுளச்சீட்டுப் போடுவது என்று முடிவாயிற்று. தோட்டத்து ஆண்கள் அத்தனை பேர் பெயரையும் எழுதிச் சொம்பில் போட்டார்கள். பூசாரி கண்ணை மூடிப் பதினொரு சீட்டு எடுத்தார். அம்மன் தேர்ந்தெடுத்த பதினொரு பேரும் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அத்தனை பேரும் நன்றாக ஓடுகிறவர்கள். முதல் சீட்டு அழகர்.

சீட்டுகளை எழுதிச் சுருட்டியவர் ஜெயராசா.

அம்மனுக்கு எதிராகப் பேச யாருமில்லை. கங்காணி மட்டும் பெயர்ப் பட்டியலைப் படிக்கச்சொல்லி இரண்டு தடவை கேட்டார். முகம் வெளிறிவிட்டது. சனிக்கிழமை ஆபீசுக்கு வந்து நின்றார். அழகரையாவது விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார். காரணம் கேட்டால் சொல்லவில்லை. மூன்று வருஷம் தோற்ற மனிதர் தோல்வியைவிட்டுப் பிரிய முடியாமல் தவிப்பதை ஜெயராசா ரசித்துப் பார்த்தார்.

மூன்று வாரம் பழக்கினார். ஒரு கால்பந்துப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் புத்தகத்தை விட வேகமாக ஓடினார்கள்.

ஆட்டம் கல்லாற்றில். அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி சால்வை போட்டிருந்தார். கையில் வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் அழகர் இரண்டு கோல் போட்டான். சால்வைக்காரர் மெல்ல நகர்ந்து ஜெயராசாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்தப் பையன் யாருங்க?"

"அழகர். மேல் லயம்."

"கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

"ஆச்சு. அங்கம்மான்னு பேரு. எங்க தோட்டத்துலயே முதல் கொழுந்துக்காரி. பக்கத்து நிரை பாதி முடியறதுக்குள்ள அவ நிரை முடிஞ்சிரும்."

சால்வைக்காரர் தலையாட்டினார். விஷயம் தெரிந்த மனிதர் என்று ஜெயராசாவுக்குப் பட்டது. இவ்வளவு நாளும் தன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க ஒருவர் இல்லை. மற்றப் பத்துப் பேரைப் பற்றியும் சொன்னார். யார் எந்த லயம், யாருக்கு எத்தனை அண்ணன் தம்பி, எந்த வீட்டில் கொழுந்து எடுக்க எத்தனை பெண்கள், யாருக்குக் கூரை ஒழுகுகிற காம்பரா, யாருக்குக் கணக்கப்பிள்ளையோடு மனத்தாங்கல். சால்வைக்காரர் ஒவ்வொன்றுக்கும் "அப்படீங்களா" என்றார். இரண்டு பெயர்களைத் திரும்பவும் சொல்லச் சொன்னார்.

ஆறுக்கு ஒன்று. மேமலை ஜெயித்தது. கல்லாற்றுக்காரர்கள் தோற்ற முகத்தோடு இல்லாதது ஜெயராசாவுக்குச் சற்று ஆச்சரியம். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார். ஆட்டக்காரர்களை நிறுத்திவைத்து விருந்து கொடுத்தார்கள். துரை ஜெயராசாவின் கையைக் குலுக்கினார். கல்லாற்றுத் துரையைப் பார்த்து ஆறு விரல் காட்டினார். கங்காணி கணபதி விருந்துக்கு இருக்கவில்லை. தனியாக மலையேறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை. தப்பு அடித்தது. ஜெயராசா எழுந்தார். முகம் கழுவினார். திருநீறு பூசினார். தேநீர் குடித்தார். அன்று கங்காணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பரிமளம் வாசல்வரை வந்து பார்த்தாள்.

ஆபீஸ் முற்றத்தில் கூட்டம் நின்றது. ஆட்டக்காரர்கள் பதினொரு பேரும், அவர்கள் பெண்சாதிகளும், தாய் தகப்பனும், அண்ணன் தம்பிகளும். மாலை போட வந்திருக்கிறார்கள் என்று ஜெயராசா நினைத்தார். கோட்டின் மேல் பொத்தானைப் போட்டார். மாலையைக் காணோம்.

அழகர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கம்மா முன்னால் வந்தாள். ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கிறோம், கணக்குத் தீர்த்து விடுவிக்கும் பத்துச்சீட்டு வேண்டும் என்றாள். கல்லாற்றில் புது லயம் கட்டியிருக்கிறார்களாம். ஓட்டுக் கூரையாம். அந்தத் தோட்டத்துக் கங்காணி நேற்று விருந்திலேயே ஆளாளுக்குக் காம்பரா காட்டிவிட்டாராம். பதினொரு குடும்பம். நாற்பத்துமூன்று பேர். அதில் கொழுந்து எடுப்பவர்கள் இருபத்தெட்டுப் பேர். மழை விட்டு வெயில் பிடித்து, செடியெல்லாம் கொழுந்து பொங்கி நிற்கிற மாதம்.

துரை ஜன்னலருகே வந்தார். தலைகளை எண்ணினார். பதுளைக்கு மாட்டுவண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார். யாருக்காக என்று சொல்லவில்லை.

பெரட்டுக்களத்தின் ஓரத்தில் கணபதி கைத்தடியை ஊன்றி நின்றார். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஜெயராசா படியிறங்கி அங்கம்மாவின் அருகே போனார். மூன்று வருஷம் தோற்றபோதெல்லாம் இருந்தவர்கள், ஜெயித்த மறுநாள் போவது என்ன நியாயம் என்று கேட்டார். கல்லாற்று டீமே தோற்றுப்போன டீம், ஆட்டமே தெரியாத டீம், அங்கே போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்.

அங்கம்மா அவரைப் பார்த்தாள். பரிதாபமாகத்தான் பார்த்தாள்.

"அங்க ஆட்டத்த யாருங்கய்யா பாத்தா? அவங்க வாராவாரம் ஆள் பொறுக்கத்தான வருவாங்க. அது தெரிஞ்சுதான நம்ம கங்காணியாரு மூணு வருசமா எங்கள ஒளிச்சு வச்சுத் தோத்துக்கிட்டிருந்தாரு."