காசிக்குப் போகும் நீல வேன்

"வேன் என்ன கலரு மாப்ள?"

ஏட்டு விருமாண்டி இப்படிக் கேட்டபோதுதான், தாம் சொன்ன பொய்க்கு இன்னும் வர்ணம் பூசவில்லை என்பது சிவனாண்டிக்கு உறைத்தது.

"நீலம் மாமா."

"நீலம் வெயில இழுக்குமே. நாக்பூர்ல கொளுத்துமாம்ல?"

"கூரை மட்டும் வெள்ளை."

ஏட்டு திருப்தியாகத் தலையாட்டினார். ஒரு பொய்யை வைத்துக் காப்பாற்ற எவ்வளவு பெயிண்ட் தேவைப்படுகிறது என்று சிவனாண்டி வியந்தார்.

சிவனாண்டி மில்லில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி செல்லத்தாய் இறந்தபின் திருநகர் வீட்டில் தனியாக இருந்தார். அந்த வீட்டுக்குத் தவறாமல் வந்துபோனவர் கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் ஒருவர்தான். அவரும் மீட்டரைத்தான் பார்ப்பார். டிரான்சிஸ்டரில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் சிவனாண்டி பதில் வணக்கம் சொல்லிவிடுவார். வீடு தேடி வந்து வணக்கம் சொல்பவரை மதிக்காமல் இருக்க முடியுமா?

ஒருநாள் டீக்கடையில் எதிரே ஓடும் ரோட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. ராணி மங்கம்மா காலத்து ரோடு என்றார் ஒருவர். தெற்கே போனால் கன்னியாகுமரி, வடக்கே போனால் காசி என்றார் இன்னொருவர். எல்லாரும் ஏதோ சொல்கிறார்களே என்று சிவனாண்டியும் வாயைத் திறந்தார்.

"நான் அந்த ரோட்டுலயே காசிக்குப் போறேன். உசிலம்பட்டியில என் மச்சினன் வேன் வாங்கியிருக்கான்."

கடையே திரும்பிப் பார்த்தது. தம்மை ஒருவர் திரும்பிப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று அவர் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மூன்று பேர் வேனில் துண்டு போட்டுவிட்டார்கள்.

முதல் ஆள் விருமாண்டி. ஒரு காலத்தில் அவர் பூட்ஸ் சத்தத்துக்கே ஊர் நடுங்கும். இப்போது பேரன் "தாத்தா, ஃபேன அமத்து" என்றால் எழுந்துபோய் அமத்துவார். இரண்டாவது, பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த ஆனையூர் மலைச்சாமி. அவர் லடாக் பனியைப் பற்றி ஆரம்பித்தால் ஆனையூரில் ஆள் நடமாட்டம் நின்றுவிடும். மூன்றாவது, எதிர்வீட்டு ஒச்சம்மாள். அவருக்கும் மருமகளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. சொல்ல வேண்டியதை இருவரும் பூனையிடம் சொல்வார்கள்.

சாயங்காலமானால் மூவரும் வந்துவிடுவார்கள். தரையில் இந்தியா படம் விரியும். சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர் என்று விரல் ஊர்ந்து காசியைத் தொடுவதற்குள் இரண்டு தடவை டீ ஆகிவிடும். அவர்கள் போன பிறகு நாலு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிவனாண்டி சற்று நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"காசிக்குப் போனா ஒரு காய விட்டுட்டு வரணும்ல? நான் பாகக்காய விடப்போறேன்" என்றார் மலைச்சாமி.

"பிடிச்சதத்தான் விடணும் மிலிட்டரி. பாகக்காய விட்டா கங்கை ஒத்துக்கிருமா?" என்றார் ஒச்சம்மாள்.

"அப்ப நீங்க எத விடுறீக?"

"மருமகள."

"அது பிடிச்சதா?"

ஒச்சம்மாள் யோசித்தார். "சரி, கத்திரிக்கா."

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் விருமாண்டி, "எப்ப மாப்ள கெளம்புறோம்?" என்று கேட்டுவிட்டார். கிளம்பவில்லை என்று தெரிந்தால் நாளைக்கு எவரும் வரமாட்டார்கள். சிவனாண்டி சாக்குத் தேடினார்.

"ஜபல்பூர் பக்கம் வழிப்பறியாம் மாமா."

மறுநாள் விருமாண்டி லத்தியோடு வந்தார். அதற்கு எண்ணெய் வேறு தடவியிருந்தார்.

"நமக்கு இந்தி தெரியாதே?" என்றார் சிவனாண்டி.

மலைச்சாமி அன்றே வகுப்பெடுக்க ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த இந்தியில் பாதியை ஒச்சம்மாள் எதிரே சொல்ல முடியவில்லை. மீதியில் வழி கேட்க முடியாது.

"நாள் சரியில்லைங்கிறாக."

ஒச்சம்மாள் திருப்பரங்குன்றம் போய் ஜோசியரைப் பார்த்து, "வர்ற புதன் காலையில" என்று நாளோடு திரும்பினார்.

புதன் வந்தது. வேன் வரவில்லை. சிவனாண்டி அவசரமாக ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பரஸ்தானம் வச்சிருவோம்."

நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள் தங்கள் பையை மட்டும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மூன்று பைகளும் சிவனாண்டி வீட்டுக்கு வந்தன. அவர் பை ஒச்சம்மாள் வீட்டுக்குப் போனது. அப்புறம்தான் அவருக்கு அடுத்த விதி ஞாபகம் வந்தது: வெளியேறிய பையை, போகாமல் திருப்பி எடுப்பது ஆகாது.

பை வெளியேறிய செய்தி தெருவெங்கும் பரவியது. கங்கைத் தண்ணீர் பிடிக்கச் செம்புகள் வந்து குவிந்தன. காசிக்குப் போகிறவர் என்று ஆட்கள் சிவனாண்டி காலில் விழுந்தார்கள். மாற்றுவேட்டி பைக்குள் மாட்டிக்கொண்டதால் விருமாண்டி இப்போது காலையிலும் வந்தார். வேன் மட்டும் வரவில்லை.

கடைசியில் ஒரு சாயங்காலம் விருமாண்டி லத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இது சரிப்படாது. நான் உசிலம்பட்டி போயி ஒன் மச்சினன கையோட கூட்டியாந்துர்றேன்."

"போகாதீக மாமா. வேன் இல்ல."

"ரிப்பேரா?"

"வேனே இல்ல."

"வித்துட்டானா?"

"விக்கிறதுக்கு மச்சினனே இல்ல மாமா. செல்லத்தாய் ஒத்தப் பிள்ள."

விருமாண்டி உட்கார்ந்தார். மலைச்சாமியின் விரல் ஹைதராபாத்திலேயே நின்றுவிட்டது. ரோட்டில் வடக்கே ஒரு லாரி போயிற்று.

சிவனாண்டி குனிந்தபடி டம்ளர்களைப் பொறுக்கினார். நாளையிலிருந்து ஒன்று போதும்.

"வீட்டுல பேச்சுத்தொணைக்கு ஆளில்ல. அதான் அப்பிடிச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க" என்றார். பிறகு, செய்த தப்புக்குப் பரிகாரம்போல, "வேணும்னா நாளைக்கே பஸ்ஸப் பிடிச்சு எல்லாரும் ராமேஸ்வரமாச்சும் போயிட்டு வந்துருவோமா?" என்றார்.

மூவரும் திடுக்கிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒச்சம்மாள்தான் பதறிப்போய்ச் சொன்னார்:

"ராமேஸ்வரம் வேணாம்ணே. அது பக்கம், போயிச் சேந்துருவோம்."