பச்சை நூல் சட்டியில் மூன்று கரண்டி

உப்பில்லாமல் சமைக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் சமைத்துவிடும் பெண் உலகத்தில் எங்காவது இருப்பாள். அவள் எங்கள் வம்சத்தில் பிறக்கவில்லை. நான் ஒரு பன்றி ஆராய்ச்சியையே ஒரு காலைப் பொழுதில் கெடுத்தவள். இதைக் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்லுங்கம்மா என்கிறாள் என் மகள். முயன்று பார்த்தேன், பெருமைதான் வருகிறது.

சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா முழுக்க ஒரே பேச்சாக இருந்த சமயம் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரப்பர் தோட்டத்திலிருந்து, மலாக்காவில் காஜா பெராங் என்ற இடத்தில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பன்றிப் பண்ணையில் உதவியாளர் வேலை. (இப்போதெல்லாம் புருஷன் பெயரைச் சொல்லலாம், காலம் மாறிவிட்டது. என் வாய்தான் இன்னும் மாறவில்லை. அதனால் ‘இவர்’ என்றே எழுதுகிறேன்.)

பண்ணையில் இரண்டு இனம் இருந்தது. ஒன்று நம் ஊர்க் கறுப்புப் பன்றி. முதுகு நடுவில் தொய்ந்து, வயிறு தரையைப் பெருக்கிக்கொண்டு போகும். இன்னொன்று கப்பலில் வந்த வெள்ளை. நீளமாக, விறைப்பாக, பண்ணை அதிகாரியான துரை நடப்பது போலவே நடக்கும். (துரையிடம் இதைச் சொன்னதில்லை.) கறுப்புக்கு வள்ளிக்கிழங்குக் கொடி, வாழைத்தண்டு, தேங்காய்ப் புண்ணாக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, எதைத் தின்றால் கறி எப்படி வருகிறது என்று பார்ப்பது இவர் வேலை. வேலை என்று சொல்வதைவிடப் பைத்தியம் என்று சொல்லலாம். ஒரு தாய்ப்பன்றிக்கு ராணி என்று பெயர்கூட வைத்திருந்தார். துரை வரும்போது மட்டும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ‘சாப்பிட்டியா’ என்று என்னை ஒரு நாளும் கேட்காத மனிதர், ராணியைத் தினமும் கேட்டார் என்று எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

துரையின் கட்சி வேறு. கறுப்பு வெறும் கொழுப்பு மூட்டை, கறி என்றால் வெள்ளைதான் என்பது அவர் எண்ணம். சீமைக்குக் கிளம்புவதற்கு முன் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார். இரண்டு கறியையும் அவித்து, எது எந்தப் பன்றி என்று சொல்லாமல் வைத்து, சாப்பிட்டுப் பார்ப்பது. வெள்ளை ஜெயித்தால் கறுப்பு அத்தனையும் கசாப்புக்குப் போய்விடும். கறுப்பே இல்லை என்றால் அதைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆள் எதற்கு? இவரும் நானும் மறுபடி தோட்டத்துக்குப் போய்ப் பால்மரம் வெட்ட வேண்டியதுதான்.

எங்கே வைத்துச் சாப்பிடுவது என்று பேச்சு வந்தது. பண்ணையில் வைத்தால் பண்ணை வாடை அடிக்கும். துரை வீட்டுச் சமையற்காரர் மலாய் முஸ்லிம், அவரிடம் இதைக் கேட்பதே தப்பு. இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “எங்க வீட்டுல வச்சிக்கலாம் துரை” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அன்று காலை கறியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எனக்குப் பாடம் நடத்தினார்.

“இங்க பாரு பாக்கியம். ரெண்டு சட்டி. ஒரே தண்ணி, ஒரே நெருப்பு. உப்பு போடக்கூடாது.”

“மொளகா?”

“போடக்கூடாது.”

“இஞ்சி பூண்டாச்சும் தட்டிப் போடட்டா?”

“ஒன்னும் வேணாம். வெறும் தண்ணியில அவிச்சா போதும். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும், அதான் முக்கியம்.”

கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் நன்றாக மனதில் வாங்கிக்கொண்டேன். கறுப்பின் சட்டிக் காதில் சிவப்பு நூல், வெள்ளையின் சட்டிக் காதில் பச்சை நூல் கட்டிவிட்டு, இவர் துரையையும் இன்னொருவரையும் அழைத்துவரப் போனார்.

ஒரே அளவில் இரண்டு சட்டி கொடுத்தது பக்கத்து வீட்டு லெச்சுமி அக்கா. மலாக்காச் செட்டிகளின் கிராமமான செட்டி கம்பத்தில் பிறந்தவள். பெயர் தமிழ், கும்பிடுகிற சாமி தமிழ், பேச்சு மட்டும் முழுக்க மலாய். கொடுத்த சட்டிக்குக் காவலாக அவளும் கூடவே வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். வெறும் தண்ணீரில் அவித்தேன். வெந்ததும் மூடியைத் திறந்து பார்த்தால், கறி துணி ஊறவைத்தது போலக் கிடக்கிறது. முதல் முதலாக வீட்டுக்கு வருகிற மனிதர்களுக்குப் பத்தியக் கறியா போடுவது? எங்கள் தோட்டத்தில் பன்றிப் பிரட்டல் என்றால் என் அம்மா பெயரைச் சொல்வார்கள், அதற்கு அடுத்து என் பெயரைச் சொல்வார்கள். லெச்சுமி அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“தாரோ காராம் லா, சிகிட்” என்றாள். கொஞ்சம் உப்புத்தான் போடேன் என்கிறாள்.

போட்டேன். இந்தச் சட்டிக்கு எவ்வளவோ அந்தச் சட்டிக்கும் அவ்வளவே. உப்புப் போட்ட பிறகு மஞ்சள் போடாமல் இருக்க முடியுமா? மஞ்சள் போட்ட பிறகு மிளகாய்த்தூள் என்ன பாவம் செய்தது? இஞ்சி, பூண்டு, மிளகு, சோம்பு என்று எல்லாமே இரண்டு சட்டிக்கும் சரிசமமாகப் போயின. இவர் சொன்னபடி இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஆராய்ச்சி என்றால் இவ்வளவுதானா என்றுகூட நினைத்தேன். (அன்றைக்கு எனக்கு யாராவது ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்திருந்தால் போட்டுக்கொண்டிருப்பேன்.)

தண்ணீரை வற்றவிட்டுப் பிரட்டும்போதுதான் வினை வந்தது. சிவப்பு நூல் சட்டியில் கறுப்பின் கொழுப்பு உருகி, கறி அதிலேயே பொரிந்து மினுமினுவென்று வந்தது. பச்சை நூல் சட்டியில் கறி வறண்டு போய் அடிப்பிடிக்கத் தொடங்கியது. இரண்டு சட்டி வைத்து ஒன்று மோசமாக இருந்தால், பாக்கியத்துக்குச் சமைக்கத் தெரியாது என்றுதான் பேசுவார்கள். எந்தப் பன்றி என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

சிவப்பு நூல் சட்டியில் மிதந்த கொழுப்பை ஒரு கரண்டி மொண்டு பச்சை நூல் சட்டியில் ஊற்றினேன். போதவில்லை. இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினேன். வெள்ளைக் கறி அத்தனையையும் குடித்துவிட்டுப் பளபளவென்று எழுந்தது. அந்தச் சட்டியில் அடிப்பிடித்திருந்த நாலு துண்டை மட்டும் முன்பே எடுத்து ஒரு கிண்ணத்தில் ஒளித்துவைத்திருந்தேன், யார் கண்ணிலும் படக்கூடாது என்று.

துரை வந்தார். கூட, சந்தையில் பன்றிக்கறிக் கடை வைத்திருந்த சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்று கூப்பிடுவோம். இவர் பெருமையாக மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“பாக்கியம். என்ன இது?”

“ரெண்டும் ஒரே மாதிரிங்க.”

துரை எட்டிப் பார்த்துவிட்டு, இது அவித்ததா என்று மலாயில் கேட்டார். கொஞ்சம் கூடுதலாக அவிந்துவிட்டது துரை என்று இவர் சமாளித்தார். வேறு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று துரை எழுந்திருக்கப் பார்த்தார். ஆனால் தவுக்கே ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்திருந்தார். நிமிரவே இல்லை. துரையும் வேறு வழியில்லாமல் ஒரு துண்டை வாயில் போட்டார். முகம் சிவந்தது, தண்ணீர் குடித்தார். பிறகு இன்னொரு துண்டு எடுத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்த தவுக்கே பச்சை நூல் சட்டியைத் தட்டி, “இனி பாகுஸ்” என்றார், இதுதான் நல்லது என்று மலாயில். துரையும் அதுதான் நல்லது என்று தலையாட்டினார். எந்தப் பன்றி என்று கேட்டார்.

“வெள்ளை, துரை” என்றார் இவர். 

துரைக்கு வாயெல்லாம் பல். கறுப்பை ஏற்றிப்போக வெள்ளிக்கிழமை லோரி அனுப்பு என்று அங்கேயே தவுக்கேயிடம் சொல்லிவிட்டார். இவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பச்சை நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.  நான் வாயைத் திறந்தால் துரை முன்னால் இவர் மானம் போகும். திறக்காவிட்டால் ராணி லோரியில் போகும், பின்னாலேயே நாங்களும் போவோம். அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் துரை மேல்கூட இல்லை. என் கறுப்பனின் கொழுப்பைக் குடித்துவிட்டுப் பரிசு வாங்கிய அந்த வெள்ளைப் பன்றி மேல்தான்.

“அந்த ருசி வெள்ளையோடது இல்லைங்க” என்று சபைக்கு வந்துவிட்டேன். “கறுப்பு சட்டியிலேருந்து மூனு கரண்டி கொழுப்பு எடுத்து அதுல ஊத்தியிருக்கேன். அது இல்லாம வெள்ளைய மெல்லவே முடியாது. சொல்லுங்க துரைகிட்ட.”

இவர் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அடுப்படியிலிருந்து லெச்சுமி அக்கா கரண்டியோடு வந்து, நான் மொண்டது, ஊற்றியது, அது குடித்தது எல்லாவற்றையும் மலாயில் நடித்தே காட்டிவிட்டாள். நான் ஒளித்துவைத்த கிண்ணத்தையும் கொண்டுவந்து துரை முன்னால் வைத்தாள்.

துரை அதில் ஒரு துண்டை எடுத்து மென்றார். மென்றுகொண்டே இருந்தார். விழுங்குகிற வழியாக இல்லை. முதலில் சிரித்தது தவுக்கேதான். அப்புறம் துரைக்கும் சிரிப்பு வந்து, துண்டைத் துப்பவும் முடியாமல் தவித்தார். இந்தப் பரீட்சை செல்லாது, லோரியும் வேண்டாம் என்றார். உன் மனைவி இருக்கும் அடுப்பில் இனி என் ஆராய்ச்சி நடக்காது என்றும் இவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த பரீட்சை லெச்சுமி அக்கா வீட்டில் நடந்தது. உப்பில்லை, ஒன்றும் இல்லை. எனக்கு உள்ளே வர அனுமதியும் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மூக்கால்தான் கலந்துகொண்டேன். மிருதுவுக்கும் ருசிக்கும் கறுப்பு ஜெயித்தது. கறி அதிகம் கிடைப்பது வெள்ளையில் என்று முடிவாயிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று துரையே சொல்லி, ராணிக்கு வெள்ளையில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பிறந்த குட்டிகளைப் பற்றி, வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடமெல்லாம் இவர் வர்ணிப்பார். துரை ஊருக்குக் கிளம்புவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்து, ஆராய்ச்சிக்கு இல்லாமல், பிரட்டல் வேண்டும் என்று கேட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்காவது எதிர்பாராமல் நல்லது நடந்தால், “யாரு ஒரு கரண்டி ஊத்துனா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மகன் கணக்கில் பாஸானபோது கேட்டோம். மகளுக்கு வேலை கிடைத்தபோதும் கேட்டோம்.

இவர் அதே பண்ணையில் இருந்து ஓய்வுபெற்றார். பிரிவு உபசார விழாவில் மாலை போட்டு, நம் ஊர்ப் பன்றிகளைக் காப்பாற்றியவர் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். இவர் பதில் சொல்ல எழுந்தார். “என் வேலையில் ருசியாக ஏதாவது இருந்தால், அது என் மனைவி ஊற்றிய ஒரு கரண்டி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சபையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எங்கள் வரிசையில் மட்டும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மாலையோடு இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், “மூனு கரண்டிங்க. ஒன்னுன்னு சொல்லிட்டீங்க” என்றேன்.