சகுனம் அல்ல, காற்றழுத்தம்

ஆர்.கே.புரம், புதுடெல்லி
பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய சம்பந்தி கௌதமன் அவர்களுக்கு ராஜசேகரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்சவேணியும் மகள் சுபாஷிணியும் நலம். விருதுநகரில் நீங்களும் வீட்டாரும் நலம் என்றும், உங்கள் அக்கா கோவிந்தம்மாள் அவர்களுக்குச் சளி இறங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன். இன்னமும் சம்பந்தி என்றே எழுதுகிறேன். வேண்டாம் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லும்வரை எனக்கு அந்த உரிமை உண்டு.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று நீங்கள் ரயிலேறி ஒன்பது நாள் ஆகிறது. போனை எடுப்பதில்லை. நிச்சயதார்த்தத் தட்டு மாற்றும் நேரத்தில் பந்தலிலிருந்து தண்ணீர் கொட்டியதை உங்கள் அக்கா அபசகுனம் என்கிறார்களாம், உங்கள் மகன் அர்விந்த் சுபாஷிணியிடம் சொல்லியிருக்கிறார். அது சகுனம் இல்லை, காற்றழுத்தம். அதை விளக்கவே இந்தக் கடிதம்.

முதலில் ஓர் உண்மை. வானிலை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன் என்று உங்களிடம் சொன்னது நிஜம். ஆனால் நான் இருந்தது விடுப்புப் பிரிவில். யார் எத்தனை நாள் லீவு போட்டார்கள் என்பது தெரியும், மேகம் என்ன போடும் என்பது தெரியாது. காலனியில் இந்த வித்தியாசத்தை யார் கேட்கிறார்கள்? பெயர் வைப்பதற்கும் சத்யநாராயண பூஜைக்கும் என்னிடம் வந்து மழை வருமா என்பார்கள், நானும் வராது என்பேன். டெல்லிக் குளிர்காலத்தில் மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் மழை பெய்தால் அதிகம், ஆகவே வராது என்று சொல்கிறவன் வருடக்கணக்கில் மேதையாக உலவலாம். டென்ட்காரர்கூட, "பாவூஜி, வாட்டர்ப்ரூஃப் போடவா?" என்று கேட்டார். "ஜரூரத் நஹீ", தேவையில்லை என்று நான் கை ஆட்டியதை அம்சவேணி இன்றும் ஆட்டிக் காட்டுகிறாள்.

நிச்சயதார்த்தத்துக்கு நாலு நாள் முன்பு, புதன்கிழமை, காற்று கிழக்கே திரும்பியது, இரவில் பஞ்சு வைத்த ரஜாய்ப் போர்வை வேண்டியிருக்கவில்லை. குளிர் போய்விட்டது, சம்பந்தி வீட்டார் சௌகரியமாக இருப்பார்கள் என்று நான் மகிழ்ந்தேன். அதுதான் எச்சரிக்கையாம். எங்கள் அலுவலகத்தில் நிஜமாகவே வானிலை பார்த்த பெலிக்ஸ் என்பவரை இப்போது போய்ப் பார்த்தேன். மத்தியதரைக் கடல் பக்கம் ஒரு தாழ்வழுத்தம் கிளம்பி, ஈரான், பாகிஸ்தான் வழியாக நாலைந்து நாளில் இங்கே வந்து சேருமாம், பெயர் மேற்கத்திய இடையூறு. தாழ்வழுத்தம் என்றால் சுற்றுப்புறக் காற்றெல்லாம் அதை நோக்கி ஓடும், அதனால்தான் கிழக்குக் காற்று ஈரத்தோடு வந்தது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் இடம் முகப்பு. குளிர்ந்தது கனம், அடியில் புகுந்துகொள்ளும். சூடானது மேலே ஏறி, ஆறி, மேகமாகி, மழையாகும். இரண்டும் உடனே கலக்காதாம், முதல்முறை சந்திக்கும் பெண்வீடும் மாப்பிள்ளைவீடும் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்குமாம். பெலிக்ஸ் சொன்ன இந்த உதாரணத்தை நான் ரசிக்கவில்லை.

ஆக ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மழை. அவசரமாகக் காலனிப் பூங்காவில் போட்டிருந்த பந்தல் துணிமேல் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டினோம், அதில் தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டது, தட்டு கைமாற ஒரு நொடி இருக்கும்போது அவ்வளவும் உங்கள் அக்காவின் தலையில் இறங்கியது. தட்டிலிருந்த வெற்றிலை பூங்கா வாசல்வரை மிதந்தது. மறுநாள் மூடுபனியில் உங்கள் ரயில் ஏழு மணி நேரம் தாமதமானதை இரண்டாவது சகுனம் என்று எண்ணியிருப்பீர்கள். அதுவும் இல்லை. தாழ்வழுத்தம் போனபின் உயரழுத்தம் வந்து உட்காரும், வானம் தெளியும், காற்று அசையாது, ஈரத் தரை இரவில் குளிரும், விடியலில் மூடுபனி கட்டும். எல்லாம் வரிசைக்கிரமம். யோசித்துப் பாருங்கள், இந்த மழை கிளம்பியபோது நீங்கள் பெட்டிகூடக் கட்டவில்லை. மத்தியதரைக் கடலுக்குச் சுபாஷிணியைத் தெரியாது.

அர்விந்திடமிருந்து போன் வரும்போதெல்லாம் அவள் பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருகிறாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவளை வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். மனிதத் தவறு எதுவும் இல்லாத இந்த இயற்கை நிகழ்வை மறந்து, நல்ல பதில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். மலை மந்திர் முருகன் உங்கள் எல்லோரையும் சுகமாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
ராஜசேகரன்

பி.கு.: அம்சவேணி மேலே உள்ளதைப் படித்தாள். "இதுக்கு எதுக்கு ஈரான் வரைக்கும் போறீங்க? அன்னிக்கு மழை நின்னு முக்கால் மணி நேரம் கழிச்சுத்தானே தண்ணி கொட்டுச்சு? நீங்கதானே பின்னாடி நின்னு துடைப்பக் கம்பால குத்துனீங்க? அவங்க நம்ம பொண்ணோட ராசின்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அதை எழுதுங்க" என்கிறாள். எழுதுகிறேன். தொங்கும் பந்தல் போட்டோவில் அசிங்கமாக விழும் என்று நான்தான் குத்தினேன். எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் என்னைக் கவனிக்கவில்லை, பயத்தில் நானும் சொல்லவில்லை. வானத்தின்மேலும் குற்றமில்லை, என் பெண்ணின்மேலும் குற்றமில்லை. தண்ணீரைக் கொட்டியவன் நான். அக்காவின் காலில் விழ அடுத்த ரயிலிலேயே வருகிறேன். திட்டுவதையெல்லாம் என்னைத் திட்டிவிட்டு, தட்டை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.