பன்னிரண்டாவது ஓட்டை

உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்பும் திருப்பூரில், வீட்டு ஆண்கள் போட்டுக்கொள்வது ஓட்டை பனியன். மேலே சட்டை இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்கிற தைரியம்தான். எனக்கு அந்தத் தைரியம் நாற்பத்திரண்டு வயது வரைக்கும் இருந்தது.

அப்போது நான் கோயம்புத்தூர் கம்பெனி வேலையை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. (விடும்போது மேனேஜரிடம், "இனி யாருக்குக் கீழயும் வேலை பாக்கறதா இல்லீங்க" என்று வசனம் வேறு பேசியிருந்தேன். அவர் பாவம், தலையாட்டினார்.) வீட்டிலேயே உட்கார்ந்து துணி பரிசோதிக்கும் மிஷின் ஒன்றைச் செய்து முடித்தேன். உருளையில் துணி ஓடும், மேலிருந்து கேமரா படம் எடுக்கும், ஓட்டை இருந்தால் மிஷின் கூவி எண்ணிக்கையைத் திரையில் காட்டும். கேமராவையும் மிஷினின் மூளையையும் சேர்த்துவைக்கும் டிரைவர் என்கிற மென்பொருள் முழுக்க என் கைவண்ணம்.

என் மனைவி கோகிலாவின் அண்ணனுக்கு அனுப்பர்பாளையத்தில் பனியன் யூனிட். தங்கச்சி கெஞ்சியதால் மச்சான் ஒப்புக்கொண்டார். துணி வாங்கும் கம்பெனியிலிருந்து சென்னை மேடம் ஒருவர் ஆடிட்டுக்கு வருகிறார், அவர் முன்னால் மிஷினை ஓட்டிக் காட்ட வேண்டும்.

"மேடம் சரின்னுட்டா நாலு மிசினு போட்டுக்கலாமுங்க மாப்ள. இல்லீன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். மரியாதையான மனிதர். அந்த 'இல்லீன்னா'வுக்குள் கோயம்புத்தூர் மேனேஜரின் முகம் தெரிந்தது.

காலை ஒன்பது மணிக்கு ஓட்டிப் பார்த்தால் மிஷின் ஒவ்வொரு படத்துக்கும் ஜோசியர் மாதிரி யோசித்தது. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க மாப்ள, நம்ம பாப்பாத்தியக்கா இதவிட வெரசாப் பாத்துப்போடுவாங்களாட்ட இருக்குதுங்களே?"

பாப்பாத்தியக்கா அந்த யூனிட்டில் இருபது வருடமாகக் கண்ணாலேயே துணி செக்கிங் பார்ப்பவர். அவர் சிரித்தார். என்னைக் கெடுத்தது அந்தச் சிரிப்புதான்.

கொஞ்சம் விளக்க வேண்டும். கேமரா தான் எடுத்த படத்தை மிஷினின் மூளையிடம் கொடுக்காது. நினைவகத்தில் ஓர் இடத்தில் தானே நேராக எழுதிவிட்டுப் போய்விடும். மூளை அங்கே போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் மூளை சோம்பேறி. ஒருமுறை பார்த்ததைச் சட்டைப்பையில் நகல் வைத்துக்கொண்டு, அடுத்த முறை பையிலிருந்தே எடுத்துப் பார்க்கும். அந்தப் பைக்குப் பெயர் கேஷ். அதனால் டிரைவரில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும்: 'இந்த இடம் கேமராவுடையது. பையைத் தடவாதே, ஒவ்வொரு தடவையும் நேரில் போய்ப் பார்.' எழுதியும் வைத்திருந்தேன். நேரில் போய்ப் பார்ப்பதால்தான் அத்தனை தாமதம்.

பத்து மணிக்கு மேடம். ஒன்பதரைக்கு அந்த வரியைத் தூக்கினேன். (புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் 'இந்த வரியைத் தொட்டால் கையை முறிப்பேன்' என்று பதினாறு வருடம் மிரட்டியவன் நான்.)

சோதித்துப் பார்க்க ஓட்டைத் துணி ஒன்று வேண்டும். கிடைக்கவில்லை. ஆடிட் என்றால் முதல் நாளே ரிஜெக்ட் பீஸ் மொத்தத்தையும் டெம்போவில் ஏற்றி வெளியே அனுப்பிவிடுவார்கள். தேடித் தேடிப் பார்த்ததில், அந்தக் கட்டடத்திலேயே ஓட்டை இருந்த ஒரே துணி என் சட்டைக்குள் இருந்தது.

துணி ரோல்களுக்குப் பின்னால் ஒதுங்கிக் கழற்றினேன். கேமராவுக்குக் கீழே விரித்தேன். கண் இமைப்பதற்குள் கூவல்: 'ஓட்டை 11'. என்ன வேகம்! பனியனை மறுபடி மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். அந்த டீயின் ருசி இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் நிம்மதியாகக் குடித்த கடைசி டீ அது.

மேடம் வந்தார். ரோஸ் நிறத் துணி, புத்தம் புதுசு, உருளையில் ஓட ஆரம்பித்தது. மிஷின் கூவியது. 'ஓட்டை 11'. மறுபடி கூவல், 'ஓட்டை 11'. திரையில் ரோஸ் துணி இல்லை. கைக்குழியும் கழுத்துமாக என் பனியன் நின்றது. ஓரங்களில் மட்டும் நகல் கொஞ்சம் அழிந்து புதுப்படம் எட்டிப்பார்க்க, பனியனுக்கு ரோஸ் பார்டர் போட்டது போல இருந்தது. அந்த பார்டரைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மிஷின் பையில் இருப்பதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறது. எதையும் பார்க்காததால்தான் அவ்வளவு வேகம்.

"என்ன சார் இது, உங்க துணியில இவ்வளவு ஹோல்ஸ்?" என்றார் மேடம்.

மச்சானுக்கு முகம் வெளுத்தது. "இந்தக் கட்டடத்துலயே அப்படியொரு துணி இல்லீங்க மேடம்!"

"அப்போ கேமரா எதைப் படம் எடுத்துச்சு? ரிஜெக்ட் பீஸை எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டால் மச்சானின் ஆர்டர் போகும். திறந்தால் என் மிஷின் போகும், கூடவே மானம். கோகிலாவின் முகம் நினைவுக்கு வந்தது. சட்டைப் பொத்தானை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"ஏனுங்க மாப்ள, என்ன பண்றீங்க!" என்று மச்சான் கையைப் பிடித்தார்.

"வுடுங்க மச்சான். மேடம், அந்தத் துணி இதுதானுங்க. மிசினு பழைய படத்தையே காட்டுதுங்க. தப்பு என்னுதுங்க."

பாப்பாத்தியக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அருகில் வந்தார். இருபது வருடப் பழக்கம். கழுத்திலிருந்து கீழே ஒரு பார்வை, அப்படியே பக்கவாட்டில் ஒன்று.

"பன்னெண்டுங்க மேடம். கக்கத்துக்கிட்ட ஒண்ணை மிசினு வுட்டுப்போட்டுதுங்க."

மேடம் சிரித்த சிரிப்பில் துணி ரோல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அறிக்கையில் 'கண்ணால் பார்க்கும் செக்கிங் மிக நன்று' என்று எழுதினார். மச்சானுக்கு ஆர்டர் கிடைத்தது. எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் திரும்பச் சேர்த்தேன். பத்து நிமிட வேலை. ரோஸ் துணி மெதுவாக ஓடியது, ஓட்டை ஒன்றும் இல்லை என்று மிஷின் சரியாகச் சொன்னது. கேட்க யாருமில்லை. கூவவும் இல்லை.

அடுத்த மாதம் கோயம்புத்தூர், அதே பழைய கம்பெனி. மேனேஜர் கிண்டல் செய்வார் என்று பதில் எல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

இப்போதெல்லாம் தீபாவளிக்கு மச்சான் வீட்டிலிருந்து எனக்கு ஒரு டஜன் பனியன் வந்துவிடுகிறது. கோகிலா அதை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்த பிறகுதான் தருகிறாள். உறவுக் கூட்டத்தில் நான் ஏதாவது புதுச் செய்தி சொன்னால் போதும், மச்சான் கேட்பார்: "இது இன்னைக்கு எடுத்த படமுங்களா மாப்ள, இல்லீன்னா பையில இருந்ததுங்களா?"

போன வருடம் மச்சான் மகள் கல்யாணம். பட்டுச் சட்டையில் வாசலில் நின்று சம்பந்தி வீட்டாரை வரவேற்றுக்கொண்டிருந்தேன். பாப்பாத்தியக்கா வந்தார். வணக்கம் சொல்லிவிட்டு நகராமல் என் சட்டையையே பார்த்தார்.

"இப்ப ஒண்ணுமில்லீங்கக்கா" என்றேன், சம்பந்திக்குக் கேட்காமல்.

"நீங்க சொன்னாப் பத்தாதுங்க" என்றார் அவர். "நான் பாக்கோணுமுங்க."